மாலாவின் மூன்று சர்வர்கள்

பொன்னேரி ரயில் நிலையத்துக்கு வெளியே, ஆட்டோக்கள் நிற்கும் இடத்தை ஒட்டிய சுவரில், ஒரு கணினிப் பயிற்சி நிலையத்தின் விளம்பரப் பலகை இருக்கிறது. நீலப் புடவை அணிந்த ஒரு பெண்ணின் படம் அதில் உள்ளது. படத்தின் கீழே, "எங்கள் முழுச் செய்முறைப் பயிற்சியில் உருவான சர்வர் நிர்வாகி" என்று எழுதியிருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் பெயர் மாலா. பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள ஒரு குப்பத்தைச் சேர்ந்தவர். படம் அவருடையதுதான். அவர் சர்வர் நிர்வாகி என்பதும் உண்மைதான். எங்கே கற்றார் என்று சொல்லும் சொற்கள் மட்டும் பொய்.

படத்தைப் பற்றி உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த நிலையத்தில் சேர்ந்தபோது விண்ணப்பத்தில் ஒட்டுவதற்காக பழவேற்காட்டில் ஒரு ஸ்டுடியோவில் மாலா எடுத்துக்கொண்ட படம் அது. அந்த விண்ணப்பத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. இதை எழுதும் என் பெயர் ரஞ்சித்குமார், ஊர் அனுப்பம்பட்டு. அதே நிலையத்தில், அதே வகுப்பில் நானும் சேர்ந்தேன். அவர்கள் கொடுத்த துண்டறிக்கை, அனுப்பிய மின்னஞ்சல்கள், கடைசியில் எங்கள் இருவருக்கும் சான்றிதழ் மறுத்து எழுதிய கடிதம் ஆகிய அனைத்தையும் வைத்திருக்கிறேன். மாலா எங்கே கற்றார், எப்படிக் கற்றார் என்பதை அவரை அறியாதவர்களும் அறிந்துகொள்ளும்படி, நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

மாலாவின் தந்தை குப்பன் ஏரியில் வலை போட்டவர். கணவர் இளவழகனும் அதே தொழில்தான் செய்கிறார். மாலா பொன்னேரியில் கணினிப் பட்டப்படிப்பு முடித்த கையோடு திருமணமாகி, அதே குப்பத்தில் நாலு வீடு தள்ளிக் குடியேறினார். மகள் பள்ளிக்குச் செல்லத் தொடங்கிய பிறகு, பழவேற்காடு கடைத்தெருவில் தாமோதரன் என்பவர் நடத்திய ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பிறப்புச் சான்று, காப்பீடு, தேர்வு விண்ணப்பம் என்று இணையத்தில் நிரப்பவேண்டிய எல்லாவற்றையும் அந்தக் கடையில் நிரப்பிக் கொடுத்தார். ஏரியின் மறுகரையிலிருந்து படகேறி வருபவர்கள்கூட அவரிடம் வந்தார்கள். பாதி நாள்களில் அவர் அவர்களுக்குச் சொல்ல முடிந்தது ஒரே பதில்தான்: சர்வர் இல்லை, நாளைக்கு வாருங்கள்.

கருப்பன் என்ற மீனவர் ஒரே விண்ணப்பத்துக்காக மூன்றாம் முறை வந்த நாளை மாலா அடிக்கடி சொல்வார்.

"சர்வர் டவுன்ணே. நாளைக்கு வாங்க."

"நேத்தும் அத்தத்தானே சொன்ன? கீழ வுயுந்தத தூக்கி நிறுத்த அங்க ஆளு இல்லியா?"

"இருப்பாங்கண்ணே."

"யாரு?"

மாலா அந்தப் பக்கத்தை மறுபடி ஒருமுறை திறந்து பார்த்தார்.

"நாலு பக்கம் நெரப்பி, அஞ்சாவது பக்கத்துல நிக்கும்போது போச்சுன்னா, மறுபடி மொதல்லருந்து சொல்லணுமா? எங்க நைனா பேரு மாறிடுமா இன்னா?" என்று கேட்டுவிட்டு கருப்பன் படகுக்குத் திரும்பினார்.

"அன்னிலருந்து அந்த ஆளு யாருனு தெரிஞ்சிக்கணும்னு ஆயிடுச்சு தம்பி" என்று மாலா பின்னர் என்னிடம் சொன்னார். விசாரித்து அறிந்தும் கொண்டார். வங்கி, காப்பீடு, கல்லூரி போன்ற பெரிய அமைப்புகளின் இணைய வேலைகள் பலவும் ஜாவாவில் எழுதப்பட்ட நிரல்கள். அவை தாமாக ஓடுவதில்லை. அப்ளிகேஷன் சர்வர் என்ற மென்பொருளுக்குள் இருந்துதான் ஓடுகின்றன. அதை நிறுவுவது, அதற்கு நினைவகம் ஒதுக்குவது, தரவுத்தளத்தோடு இணைப்பது, நின்றால் ஏன் நின்றது என்று கண்டுபிடித்து எழுப்புவது ஆகியவை ஒரு நிர்வாகியின் வேலை. கருப்பன் கேட்ட ஆள் அவர்தான். அந்த ஆளாகத் தான் ஆகவேண்டும் என்று மாலா முடிவு செய்தார்.

வடசென்னையில் இருந்த பயிற்சி நிலையத்தின் துண்டறிக்கை தாமோதரன் கடைக்கே நகல் எடுக்க வந்தது. அதில் "முழுச் செய்முறை, உண்மையான சர்வர்களில் நேரடிப் பயிற்சி" என்று தடித்த எழுத்தில் இருந்தது. நான் அதே அறிக்கையைப் பொன்னேரியில் வாங்கினேன். மாலா பொன்னேரியில் ரயில் ஏறுவார். அடுத்த நிலையமான அனுப்பம்பட்டில் நான் ஏறுவேன். முதல் நாள் நான் ஏறியபோது, மீன் கூடைகளோடு உட்கார்ந்திருந்த பெண்கள் அவரைச் சூழ்ந்திருந்தார்கள்.

"டீச்சரு மாரி பைய மாட்டிக்கினு எங்க மாலா கெளம்பிட்ட?"

"படிக்கப் போறேன்க்கா."

"உம் பொண்ணு படிக்கிற வயசுல நீ படிக்கிறியா? அப்போ ஹோம் ஒர்க்கு யாரு யாருக்குப் போடுவா?"

"அவ எனக்குப் போடுவா. நான் உனக்கு மீனுக்கணக்கு போட்டுத் தரேன், இந்தப் பக்கம் கொஞ்சம் நவுரு."

பெட்டி முழுக்கச் சிரித்தது. என் கையில் அதே துண்டறிக்கையைப் பார்த்து, "தம்பி, நீயும் அங்கதானா? அப்ப எனக்குத் தொணை ஆச்சு" என்றார். எங்கள் பழக்கம் அப்படித்தான் தொடங்கியது.

வகுப்பில் எங்களுக்குக் கிடைத்தவை திரையில் ஓடிய படங்கள் மட்டுமே. சர்வரை இப்படித் தொடங்க வேண்டும், இப்படி நிறுத்த வேண்டும் என்று படம் காட்டும், நாங்கள் எழுதிக்கொள்வோம். செய்முறைக்கூடம் என்று பெயர் எழுதிய ஓர் அறை இருந்தது. அதன் கதவு பூட்டியே இருந்தது. கேட்டபோதெல்லாம் "அடுத்த வாரம்" என்றார்கள். பயிற்சியின் கடைசிக் கட்டத்திலும் அதே பதில் வந்தபோது, துண்டறிக்கையின் நகலை இணைத்து நான் ஒரு முறையீடு எழுதினேன். வகுப்பில் பலர் கையெழுத்திட்டு, பிறகு திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். திரும்பப் பெறாதவர்கள் நானும் மாலாவும்தான். "நிலையத்தின் ஒழுங்குக்கு மாறாக நடந்ததால்" எங்கள் இருவருக்கும் சான்றிதழ் இல்லை என்று கடிதம் வந்தது. அந்தக் கூடத்தின் உள்பக்கத்தை நாங்கள் கடைசிவரை பார்க்கவே இல்லை.

கடிதம் கிடைத்த அன்று, திரும்பும் ரயிலில் நான் அடுத்த முறையீட்டுக்கு வாசகம் அமைத்துக்கொண்டிருந்தேன். மாலா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். மீஞ்சூர் தாண்டியதும் சொன்னார்: "நீ எழுது தம்பி. வுடாத. நான் வேற ஒண்ணு பாக்குறேன். தாமோதரண்ணன் கடை பின்னாடி நாலு பழைய கம்ப்யூட்டர் கீது. ஓடுதானு தெரியல."

ஓடவில்லை. ஏரிக்காற்றில் உள்ள உப்பு அவற்றின் உள்ளே புகுந்திருந்தது. மாலா ஒவ்வொன்றையும் திறந்து, நினைவகப் பட்டைகளைக் கழற்றி, அவற்றின் பொன்னிற முனைகளை மகளின் பென்சில் ரப்பரால் தேய்த்துத் துடைத்துத் திரும்பப் பொருத்தினார். நான்கும் உயிர் பெற்றன. தாமோதரன் கதவருகே நின்று பார்த்துவிட்டு, "நான் இத்த காயிலாங்கடைக்குப் போடலாம்னு இருந்தேன். நீ இன்னாடான்னா வைத்தியம் பாத்து எழுப்பி உக்கார வெச்சிருக்க" என்றார். மின்சாரத்தைப் பார்த்துச் செலவு செய்யவேண்டும் என்ற நிபந்தனையோடு, கடைவேலை முடிந்த மாலை நேரங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அந்தப் பின்னறையைப் பயன்படுத்த அனுமதித்தார்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஜாவா அப்ளிகேஷன் சர்வர் ஒன்றை மூன்று கணினிகளில் நிறுவினோம். நான்காவது கணினி வாசற்காவலர். வெளியிலிருந்து வரும் வேலைகளை மூன்றுக்கும் பிரித்து அனுப்புவது அதன் பணி. லோட் பேலன்சர் என்று அதற்குப் பெயர். சர்வர்களுக்குப் பெயர் வைக்கவேண்டிய கட்டம் வந்தபோது, புத்தகத்தில் இருந்தபடி எண் கொடுக்கலாம் என்றேன். மாலா ஒப்புக்கொள்ளவில்லை. ஏரியில் கிடைப்பவற்றின் பெயராக எறா, நண்டு, மடவை என்று வைத்தார். ஓட்டிப் பார்க்க ஒரு நிரல் வேண்டுமே என்று, மூன்று பக்கங்களில் நிரப்பும் ஒரு சிறு விண்ணப்பத்தை நான் எழுதிக் கொடுத்தேன். முதல் பக்கத்தில் மீனின் பெயர், அடுத்ததில் எடை, கடைசியில் ஐஸ் பெட்டி எத்தனை என்று கேட்கும். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

அந்தப் பின்னறைதான் எங்கள் செய்முறைக்கூடம். மின்வெட்டு வரும்போதெல்லாம் மூன்று சர்வர்களும் ஒன்றாக விழும், ஒவ்வொன்றாக எழுப்புவோம். நிரலை அதற்குரிய கோப்புறையில் வைத்ததும், அது ஏற்கப்படவில்லை என்றால் 'ஃபெயில்டு' என்று முடியும் சிறு கோப்பு ஒன்று பக்கத்திலேயே தோன்றும். முதல் வாரங்களில் அந்தக் கோப்பு எங்களுக்கு நன்றாகப் பழகிவிட்டது. சர்வர் தன் நடவடிக்கைகளை எழுதிவைக்கும் பதிவை லாக் என்பார்கள். ஒரு பிழைக்குப் பக்கம் பக்கமாக வரிகள் கொட்டும். முதல் வரியைப் பார்த்து நாங்கள் பலமுறை ஏமாந்தோம். பிழைக்குக் காரணம் இது, அதற்குக் காரணம் இது என்று அடுக்கிக்கொண்டே போகும் அந்த வரிகளில், பெரும்பாலும் கடைசியாக வரும் காரணம்தான் உண்மையான காரணம் என்பதை மாலா தாமாகவே கண்டுகொண்டார். நான் ஒவ்வொரு பிழையையும் அதற்கான தீர்வையும் எழுதிக் கோப்பில் சேர்த்தேன். மாலா எழுதிக்கொள்வதில்லை, அதே பிழையைத் தாமே மீண்டும் உண்டாக்கி, மீண்டும் சரிசெய்வார்.

வீட்டில் இளவழகனுக்கு மூன்று சர்வர்களின் நலமும் தெரிந்திருந்தது.

"இன்னாமே, இன்னிக்கி மொகம் தொங்கிப் போச்சு?"

"நண்டு எழுந்திரிக்கல."

"ஏரியில நண்டு இல்ல, கடையிலயும் நண்டு இல்ல. நல்லா இருக்கு நம்ம பொழப்பு."

மழைக்காலம் முடியும் சமயத்தில், தாமோதரன் கடையைப் பொன்னேரிக்கு மாற்றப்போவதாகச் சொன்னார். புதிய இடம் சிறியது. பழைய கணினிகளுக்கு அங்கே இடமில்லை. பொங்கலுக்குள் அவை காயலான் கடைக்குப் போகும். ஏறத்தாழ அதே சமயத்தில், அம்பத்தூரில் ஒரு நிறுவனம் தன் சர்வர் பராமரிப்புக் குழுவுக்கு ஆள் எடுப்பதாக அறிவித்தது. சான்றிதழ் கேட்கவில்லை, செய்முறைத் தேர்வு மட்டும்தான். மாலா விண்ணப்பித்தார். இதில் தேறினால் கருப்பன் கேட்ட அந்த ஆளாக ஆகலாம். தேறாவிட்டால் பழகுவதற்குக் கணினியும் இருக்காது; மறுபடி ஏதோ ஒரு கடையில் "சர்வர் இல்லை" என்று சொல்லும் வேலைக்குத்தான் போகவேண்டும். இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தேர்வை நடத்தியவர் கிறிஸ்டினா, அந்தக் குழுவின் தலைவி, மாலாவைவிட இளையவர். மூன்று சர்வர்களும் ஒரு வாசற்கணினியும் கொடுத்து, அவர்களுடைய விண்ணப்ப நிரல் ஒன்றை அவற்றில் ஓடவைக்கச் சொன்னார்கள். அதை மாலா தடையின்றிச் செய்தார். தாளில் கடைசியாக ஒரு வரி இருந்தது: "ஒரு பயனரின் வேலையை எந்தச் சர்வர் தொடங்கியதோ, அதுவே தொடர வேண்டும். இடையில் அந்தச் சர்வர் நின்றுவிட்டால் என்ன நடக்க வேண்டும் என்பதை நீங்களே முடிவுசெய்து அமைக்கவும்."

இங்கேதான் மாலா தவறினார். அந்தத் தவறைப் புரிந்துகொள்ள, அவர்கள் குப்பத்தின் பாடு முறையைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். ஏரியில் எறால் நன்றாகக் கிடைக்கும் இடங்கள் சில உண்டு. அவற்றில் யார் என்றைக்குக் கழி நட்டு வலை போடுவது என்பதைக் குப்பத்தார் கூடி முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். ஒருவருடைய முறை நாளில் இன்னொருவர் அங்கே தன் வலையைப் போடக் கூடாது. கூட்டத்தில் ஆண்கள் மட்டுமே உட்காருவார்கள். மாலா சிறுமியாக இருந்தபோது, முறை நாளன்று குப்பன் காய்ச்சலில் படுத்திருந்தார். படகு கரையிலேயே கட்டிக் கிடந்தது. "நம்ம எடத்துல வேற யாரும் வலை போட மாட்டாங்க" என்று தாய் சொன்னதை மாலா மறக்கவில்லை. இடம் அப்பாவுக்காகக் காத்திருந்தது என்றே அவர் புரிந்துகொண்டார். அதைவிட நியாயமான ஏற்பாடு வேறு இல்லை என்பது அவர் எண்ணம்.

வாசற்கணினியில் அதற்கு ஏற்ற அமைப்பு ஒன்று உண்மையிலேயே உண்டு. அதை இயக்கிவிட்டால், ஒரு சர்வர் நின்றபின் அதற்குரிய பயனரை வேறு சர்வருக்கு அனுப்பாது. மாலா அதை இயக்கினார்.

கிறிஸ்டினா ஒரு பயனரைப் போல உட்கார்ந்து முதல் பக்கத்தை நிரப்பினார். பிறகு அந்தப் பக்கத்தை ஏற்ற மூன்றாம் சர்வரை நிறுத்திவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். சேவை கிடைக்கவில்லை என்று திரை சொன்னது.

"இப்ப இந்த ஆளு என்ன பண்ணுவாரு மாலா?"

"காத்திருப்பாரு மேடம். அவரோட சர்வர் எழுந்ததும் மேல போவாரு."

"பக்கத்துல ரெண்டு சர்வர் சும்மாதான இருக்கு?"

"அது வேற ஆளுங்களுது மேடம்."

"எவ்ளோ நேரம் காத்திருப்பாரு?"

மாலா திரையில் இருந்த வரியை மறுபடி படித்தார்.

"நான் சொல்றேன். காத்திருக்க மாட்டாரு. சர்வர் இல்லைன்னு சொல்லிட்டு எழுந்து போயிடுவாரு." கிறிஸ்டினா குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். "மத்ததெல்லாம் நல்லா பண்ணியிருக்கீங்க. அடுத்த குழுவோட ஒரு தடவை வரலாம். அதுக்கு மேல வாய்ப்பு இல்ல. கேள்வி இதேதான்."

அன்று ரயிலில் மாலா அழவில்லை. "கருப்பண்ணனுக்கு நானே சர்வர் இல்லனு சொல்ல ஒரு மிசினு கட்டிக் குடுத்துட்டு வந்திருக்கேன்" என்று மட்டும் சொன்னார்.

அந்த அமைப்பை அணைத்துவிட்டால் போதும் என்று நான் நினைத்தேன். மறுநாள் மாலை பின்னறையில் அணைத்துப் பார்த்தோம். முதல் பக்கத்தில் கெளுத்தி என்று எழுதி, மடவையின் மின்கம்பியைப் பிடுங்கினோம். வேலை எறாவுக்குப் போனது. ஆனால் எறாவுக்குக் கெளுத்தியைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. படிவம் வெறுமையாக, முதல் பக்கத்திலிருந்து மறுபடி கேட்டது.

"இது இன்னும் மோசம் தம்பி. அவன் நட்ட கழியப் புடுங்கிப் போட்டுட்டு, இவன் புதுசா நடுற மாரி கீது. இதுக்குக் காத்திருக்கிறதே மேல்."

இனி வருவது நான் நேரில் பார்த்தது அல்ல. மாலா சொன்னதை இளவழகனிடமும் கேட்டு உறுதிசெய்துகொண்டு எழுதுகிறேன். வீடு திரும்பியபோது இளவழகன் வாசலில் வலையின் சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தார். மாலா தேர்வில் நடந்ததை முழுவதும் சொன்னார்.

"பாடு மாரிதான் வெச்சேன். ஒருத்தன் வரலன்னா அவன் எடம் அவனுக்காகச் சும்மா கெடக்கும் இல்ல, அந்த மாரி."

இளவழகன் நிமிர்ந்தார். "சும்மா கெடக்கும்னு யாரு சொன்னா?"

"எங்க நைனா ஜொரத்துல கெடந்தப்ப கெடந்துச்சே. படகு கரையிலதான் இருந்துச்சு. நான் பாத்தேன்."

"படகப் பாத்த. வலையப் பாத்தியா? உங்க நைனா வலைய எங்க சித்தப்பாதான் தன் படகுல ஏத்திக்கினு போனாரு. நானும் கூடப் போனேன்."

"வேற யாரும் வலை போடக் கூடாது இல்ல?"

"வேற வலை போடக் கூடாது. அவரு வலைய அவருக்காகப் போடலாம்மே. மொற உங்க நைனாவுது, கை யாருதா இருந்தா இன்னா? அன்னிக்கி எறாக் கூடை உங்க வூட்டுக்குத்தானே வந்துச்சு. வறுத்துத் துன்னல நீ?"

"சித்தப்பா குடுத்தாருனு அம்மா சொல்லுச்சு."

"குடுக்குறதுக்கு அவுருதா அது? உங்க நைனாவுது உங்க வூட்டுக்கு வந்துச்சு." இளவழகன் சிரித்தார். பிறகு வலையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "ஆனா ஒண்ணு. போறவனுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கணும். கழி எங்க நட்டுது, எது வரைக்கும் கட்டுனது, எங்க சேறு. வுயுந்தப்புறம் போயிக் கேட்டா ஜொரத்துல கெடக்குறவன் இன்னா சொல்லுவான்? அதனாலதான் தெனம் கரை ஏறுனதும் தொழில் பங்காளிகிட்ட சொல்லிட்டு வூட்டுக்கு வர்றது. நீ இன்னான்னு நெனச்ச, பீடி புடிக்க நிக்கிறோம்னா?"

"ஆமா. அப்டித்தான் நெனச்சேன்."

"அதுவும்தான்" என்றார் இளவழகன்.

மறுநாள் காலை மாலா எனக்குத் தொலைபேசியில் சொன்னது ஒரே செய்தி: "தம்பி, வுயுறதுக்கு முன்னாடியே சொல்லி வெக்கணும். புக்குல அந்தப் பக்கத்த நாம தாண்டிட்டோம்."

எந்தப் பக்கம் என்பது எனக்கு உடனே விளங்கியது. ஒரு பயனர் பாதியில் நிரப்பியதை சர்வர் தன் நினைவில் வைத்திருக்கும். அதை செஷன் என்பார்கள். சர்வர்களை ஒரு குழுவாக இயக்கி, நிரலின் அமைப்புக் கோப்பில் "இதைப் பகிரலாம்" என்று ஒரு குறிப்பும் சேர்த்துவிட்டால், ஒவ்வொரு பக்கம் நிரம்பும்போதும் அந்த நினைவின் நகல் மற்ற சர்வர்களுக்குப் போய்ச் சேரும். கையேட்டில் இதை இருவருமே படித்திருந்தோம். என் குறிப்பிலும் எழுதியிருந்தேன். எதற்கு என்று புரியாததால் அடுத்த பாடத்துக்குப் போயிருந்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பின்னறையில் கழிந்தது. குறிப்பைச் சேர்த்த பிறகும் பலன் இல்லை. லாக்கைப் பார்த்தால், ஒவ்வொரு சர்வரும் குழுவில் தன் பெயரை மட்டுமே எழுதியிருந்தது. நண்டின் குழுவில் நண்டு மட்டும். மடவையின் குழுவில் மடவை மட்டும். ஒன்றுக்கு ஒன்று பேசும் வழியைக் கணினிகளின் பாதுகாப்புச் சுவர் அடைத்திருந்தது. அதைத் திறந்து மூன்றையும் மறுபடி தொடங்கியதும், எறா, நண்டு, மடவை என்று மூன்று பெயர்களும் ஒரே வரியில் வந்தன. மாலா கெளுத்தி என்று எழுதினார். எடையை எழுதினார். பிறகு தாமே எழுந்துபோய் மடவையின் கம்பியைப் பிடுங்கினார். திரை ஒரு நொடி தயங்கியது. அடுத்த பக்கம் வந்தது. கெளுத்தியும் எடையும் மேலே அப்படியே இருந்தன. ஐஸ் பெட்டி எத்தனை என்று எறா கேட்டது.

மாலா கம்பியைக் கையில் வைத்துக்கொண்டே தாமோதரனைக் கூப்பிட்டார். அவர் வந்து பார்த்துவிட்டு, "இன்னா ஆச்சு? ஒண்ணும் ஆவலயே" என்றார்.

"அதான்ணே. ஒண்ணும் ஆவல."

இரண்டாம் தேர்வுக்கு நானும் கூடச் சென்றேன். பிறகு நானும் விண்ணப்பித்திருந்ததால், அந்த முறை எனக்கும் தேர்வு இருந்தது; அதன் முடிவு வேறு கதை. அதனால் இதை நேரில் பார்த்து எழுதுகிறேன். மாலா வாசற்கணினியில் பழைய அமைப்பை அணைத்தார். மூன்று சர்வர்களையும் குழுவாக்கினார். நிரலில் குறிப்பைச் சேர்த்தார். மூன்று பெயர்களும் ஒரே வரியில் வரும்வரை லாக்கை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. கிறிஸ்டினா முதல் பக்கத்தை நிரப்பிவிட்டு ஒரு சர்வரை நிறுத்தினார். நிரப்பியதெல்லாம் அப்படியே இருக்க, அடுத்த பக்கம் வந்தது. அவர் அதை நிரப்பி, சற்றுப் பொறுத்து, இரண்டாம் சர்வரையும் நிறுத்தினார். மூன்றாம் பக்கம் வந்தது.

கிறிஸ்டினாவின் கை மறுபடி விசைப்பலகைக்குப் போனது.

"மேடம், அத்தயும் நிறுத்திடாதீங்க. அப்புறம் போறதுக்குப் பங்காளியே இல்ல."

கிறிஸ்டினா சிரித்துவிட்டார். "யாரு பங்காளி?"

மாலா பாடு முறையைச் சொன்னார். காய்ச்சலில் கிடந்த குப்பன், சித்தப்பாவின் படகு, வீட்டுக்கு வந்த கூடை, கரையில் நின்று சொல்லிவிட்டு வருவது எல்லாவற்றையும் சொன்னார். கிறிஸ்டினா நாற்காலியைத் திருப்பிப்போட்டுக்கொண்டு கேட்டார்.

"போன தடவை இந்தக் கதையில பாதிதான் தெரிஞ்சிருக்கு உங்களுக்கு."

"ஆமா மேடம். மீதிய ஆம்பளைங்க யாரும் அதுவரைக்கும் சொல்லல."

"மேடம் வேணாம். எங்க அக்கா வயசு உங்களுக்கு. பேரு சொல்லியே கூப்பிடுங்க, தினமும் கூப்பிடணும் இல்ல?"

தினமும் என்ற சொல்லின் பொருள் மாலாவுக்கு எட்டச் சிறிது நேரம் பிடித்தது. எட்டியதும் என் பக்கம் திரும்பி, "தம்பி, உன் தேர்வப் பாரு, என்னயே பாத்துக்கினு இருக்காத" என்றார்.

பொங்கலுக்கு முன் பழைய கணினிகள் நான்கும் காயலான் கடைக்குப் போயின. ரப்பரால் தேய்த்த நினைவகப் பட்டைகளை மட்டும் மாலா கழற்றி வைத்துக்கொண்டார். விளம்பரப் பலகை சில மாதம் கழித்து வந்தது. அவருக்குச் சான்றிதழ் மறுத்த கடிதத்தையும் பலகையின் படத்தையும் இணைத்து ஒரு முறையீடு தயார்செய்து, கையெழுத்துக்காக ரயிலில் கொண்டுபோனேன். மாலா படித்தார், கையெழுத்தும் போட்டார்.

"போட்டுட்டேன். ஆனா பலகையக் கிழிச்சா மறுபடி ஒட்டுவாங்க தம்பி. எங்க கத்துக்கினேன்னு நீ ஒரு தபா முழுசா எழுதி வெச்சுடு. தாமோதரண்ணன் பேரு இருக்கணும். எங்க வூட்டு ஆளு பேரும்." பிறகு சேர்த்தார்: "போட்டோவுல கொஞ்சம் ஒல்லியாத்தான் கீறேன், இல்ல?"

பணியில் சேர்ந்து பழகிய பின், ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், ஒரு பெரிய நிறுவனத்தின் சர்வர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தம் போடும் பொறுப்பு முதல்முறையாக மாலாவிடம் தனியாகக் கொடுக்கப்பட்டது. பயனர்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே செய்யவேண்டிய பணி. ஒரு சர்வருக்குப் புதிய ஆள் போவதை நிறுத்தி, அதன் வேலையை மற்றவை ஏற்றதை உறுதிசெய்து, அதை இறக்கித் திருத்தம் போட்டு, எழுப்பிக் குழுவில் சேர்த்துவிட்டு, அடுத்ததற்குப் போனார். பாதிப் படிவத்தில் இருந்த ஒருவர்கூட முதல் பக்கத்துக்குத் திரும்பவில்லை.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் இளவழகன் கேட்டார்.

"இன்னா பண்ண இன்னிக்கி?"

"எல்லா சர்வரயும் ஒண்ணொண்ணா நிறுத்தி எழுப்புனேன்."

"அய்யய்யோ. எவ்ளோ பேரு திட்டுனாங்க?"

"ஒருத்தரும் திட்டல. நிறுத்துனதே ஒருத்தருக்கும் தெரியாது."

"யாருக்கும் தெரியாம போயி, யாருக்கும் தெரியாம வந்துட்டியா? திருட்டு வலை போட்டவன் மாரி இல்ல சொல்ற."

"ஆமா" என்றார் மாலா. "ஆனா கூடை அவங்கவங்க வூட்டுக்குப் போயிடுச்சு."